கழுத்தில் ஒரு கோடு

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கூட்டரைக் கழற்றிக் கொடுங்கள் என்று சின்னவர் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். யாராவது கொடுப்பார்களா? வண்டி பளபளவென்று நிற்கிறது. அதை எதற்கு அக்கக்காகப் பிரித்து சேசிஸ் என்கிற வெறும் இரும்புக் கூட்டை இவர் கையில் கொடுக்க வேண்டும்? "காசு வேணாங்க. நான் போட்ட பவுடர நானே சுரண்டிப் பாக்கறேன். அடியில ஒண்ணும் இல்லேன்னா மறுபடி போட்டுத் தந்துடறேன்" என்று கெஞ்சினார். சிலர் பாவம் பார்த்துக் கொடுத்தார்கள். சிலர் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே பேசி அனுப்பினார்கள். பேக்கரிக்காரர் மட்டும் கல்லாவை விட்டு எழுந்து வந்து, "உனக்கு என்னப்பா ஆச்சு? வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்று தோளைத் தட்டிக் கொடுத்தார்.

என்ன ஆயிற்று என்பது பேக்கரிக்காரருக்குத் தெரியாமல் இல்லை. ஊருக்கே தெரியும். சின்னவருடைய அண்ணன் ஸ்கூட்டர் பெயிண்டர். தம்பி பவுடர் கோட்டிங் போட்ட வண்டியில் போய்த்தான் அவர் செத்தார். மழையில் இறக்கத்தில் வரும்போது ஒரு பள்ளம். ஹேண்டில் வந்து சேருகிற கழுத்து முறிந்து, முன்சக்கரம் ஒரு பக்கம் போயிற்று, ஆள் ஒரு பக்கம் போனார். அந்தக் கழுத்தில் பவுடருக்கு அடியில் பழைய வெடிப்பு ஒன்று இருந்திருக்கிறது. அதைப் பார்க்காமல் மேலே பூசி மூடி, அண்ணனைக் கொன்றது நான்தான் என்று சின்னவர் முடிவு கட்டிவிட்டார்.

ஊருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அது பெயிண்டரின் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் கொழுந்தன் தலையிலிருந்து பாரம் இறங்கும். சொன்னால் செத்த மனுஷனுக்குப் பேர் கெடும், அவளுக்கும் கெடும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, மழைக்காலமே முடிந்துபோயிற்று.

அவளைத் தெருவில் எல்லாரும் பெயிண்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சும்மா பேருக்கு இல்லை. பெயிண்டர் கடையில் பாதி வேலை அவளுடையது. ஒரு ஸ்கூட்டருக்கு நிறம் அடிப்பது என்றால் ஸ்பிரே துப்பாக்கியை எடுத்து ஊதுவதோடு முடிகிற காரியமா? ஒடுக்கு விழுந்த இடத்தில் பட்டி பூசி நிரப்ப வேண்டும், தேய்க்க வேண்டும், பிரைமர் அடிக்க வேண்டும், மறுபடி தேய்க்க வேண்டும். அப்புறம்தான் நிறம். அந்தத் தேய்ப்பு முழுக்க அவள் தலையில். ஷெட்டில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாளென்றால் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், கையில் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள், மடியில் எவனோ ஒருவனுடைய மட்கார்டு. தேய்த்துத் தேய்த்து விரல் நுனியில் ரேகையே அழிந்துவிட்டது. "இவளக் கைநாட்டு வெக்கச் சொன்னா வெறும் வட்டம்தான்யா விழும்" என்று பெயிண்டர் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தடவியே மேடு பள்ளம் சொல்லிவிடுவாள். அதையும் அவர்தான் பெருமையாகச் சொல்வார்.

சின்னவரும் ஆரம்பத்தில் அண்ணனிடம்தான் ஸ்பிரே கன் பிடித்தார். பெயிண்டில் கலக்கிற தின்னர் வாடை அவருக்கு ஆகவில்லை. மூச்சு இழுக்கும், ராத்திரி உட்கார்ந்துகொண்டே தூங்குவார். கடைசியில் இரும்புக் கேட்டுக்கும் நாற்காலிக்கும் பவுடர் கோட்டிங் போடுகிற ஒரு இடத்தில் போய் வேலை கற்றுக்கொண்டு, நாலு வீடு தள்ளித் தனியாக ஒரு ஓவன் வைத்தார். பவுடரில் தின்னரும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. மாவு மாதிரி ஒரு பொடி, அவ்வளவுதான். இரும்பின் மேல் மணலைப் பீய்ச்சி அடித்துப் பழைய பெயிண்டு, துரு எல்லாவற்றையும் எடுத்து வெறும் சாம்பல் நிறமாக்கி, கொக்கியில் தொங்கவிட்டு, கரண்ட் துப்பாக்கியால் பொடியை ஊதினால் அது போய் அப்பிக்கொள்ளும். அப்படியே ஓவனில் தள்ளிச் சுட்டால் உருகி ஒரே தோலாகப் பிடித்துக்கொள்ளும்.

லீவு நாளில் இரண்டு குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். சோற்றில் கை வைப்பதற்குள் சண்டை ஆரம்பித்துவிடும்.

"பெயிண்டுங்கறது சட்ட மாதிரிடா. ஒரு இடத்துல கிழிஞ்சா அந்த இடத்த மட்டும் தெச்சுக்கலாம். உன்னோடது தோலு. உரிஞ்சா மொத்தமா உரிச்சுட்டுத்தான் மறுபடி போடணும்" என்பார் பெயிண்டர்.

"உரிஞ்சாத்தானே அண்ணே? உங்க பெயிண்டு சாவி உரசினாலே பல்ல இளிக்குது. என்னோடத சுத்தியால தட்டிப் பாருங்க, அசையாது."

"சுத்தியால தட்டறதுக்கு எவன்டா ஸ்கூட்டர் வாங்கறான்?"

"பெட்ரோல் சிந்தினா உங்களோடது ஊறிப்போயிடும்."

"சிந்தாம ஊத்தத் தெரியாதவனுக்கு வண்டி எதுக்குடா? நடந்து போகச் சொல்லு."

பெண்கள் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போவார்கள். பேச்சு பேச்சாக இருந்த வரைக்கும் ஒன்றுமில்லை. பேக்கரிக்காரர் ரொட்டி கொண்டுபோகிற ஸ்கூட்டர்களை மொத்தமாகத் தம்பியிடம் ஓட்டிக்கொண்டு போனார் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது சனியன். அவர் போனதைப் பார்த்து இன்னும் நாலு பேர் போனார்கள். பெயிண்டர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் வம்பு. லீவு நாள் சாப்பாடு நின்றது. தம்பி தெருவில் வந்தால் இவர் ஷெட்டுக்குள் திரும்பிக்கொண்டார். பெயிண்டரம்மா தனக்குள் புலம்பிக்கொண்டாள். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், ஒரு டப்பா நிறத்துக்காக இப்படியா?

ஒரு சாயங்காலம் சின்னவர்தான் இறங்கி வந்தார். ஷெட் வாசலில் நின்றுகொண்டு, "அண்ணே, இப்படியே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தா எப்படி? ஒண்ணு செய்வோம். உங்க வண்டிக்கு நான் பவுடர் போடறேன். என் வண்டிக்கு நீங்க பெயிண்டு அடிங்க. ரெண்டு பேரும் ஓட்டுவோம். அடுத்த மழைக்காலம் முடியட்டும். ரெண்டையும் தெருவுல நிறுத்தி ஊரக் கூப்பிட்டுக் காட்டுவோம்" என்றார்.

பெயிண்டர் கம்ப்ரஸரை நிறுத்தினார். முகத்தில் இருந்த விறைப்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. "நடுவுல எவனும் தொட்டுத் திருத்தக் கூடாது."

"கூடவே கூடாது. கீறல் விழுந்தா விழுந்ததுதான்."

"தோத்தவன்?"

"தோத்தவன் ஜெயிச்சவன் கடைக்கு முன்னால உக்காந்து ஒரு நாள் முழுக்கத் தேய்க்கணும்."

"அப்ப வாட்டர் பேப்பர இப்பவே வாங்கி வெச்சுக்கடா" என்றார் பெயிண்டர். பெயிண்டரம்மா அன்றைக்கு இரண்டு பேருக்கும் முட்டை பொரித்து, ரொட்டி வாட்டிக் கொடுத்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

பெயிண்டர் தன் வண்டியைத் தானே பிரித்தார். இன்ஜின், சீட்டு, விளக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சேசிஸை மட்டும் ஷெட்டில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தவர், திடீரென்று, "ஏய், இங்க வா. கையக் குடு" என்று கூப்பிட்டார். அவள் விரலைப் பிடித்துக் கழுத்துக்குப் பின்பக்கம் வைத்து மெதுவாக நகர்த்தினார். "ஏதாவது தெரியுதா?"

"ஏதோ இடிக்குதுங்க."

"குனிஞ்சு பாரு."

பழைய பெயிண்டில் முடி கனத்துக்கு ஒரு கோடு. கோட்டிலிருந்து டீக்கறை மாதிரி துரு கசிந்திருந்தது.

"இரும்பு வெடிச்சிருக்கு" என்றார். கவலையாகச் சொல்லவில்லை. ஜெயித்த மாதிரிச் சொன்னார். "பாத்தியா, பெயிண்டு எப்படிக் காட்டிக் குடுக்குது! இரும்பு லேசா வாயத் தொறந்தா மேல இருக்கற பெயிண்டும் கூடவே தொறக்கும். இதே உன் கொழுந்தனோட பவுடரா இருந்தா, ரப்பர் மாதிரி இழுத்து மூடிக்கிட்டுக் கம்முனு கெடக்கும்."

"அப்ப என்ன பண்றது?"

"வெல்டர்கிட்டக் காட்டி உள்ள ஒரு பட்டை வெச்சுப் பத்த வெக்கணும். அவன் வேற கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கான். வரட்டும். அப்புறம் தம்பிகிட்டக் குடுத்துக்கலாம்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் வேன் ஹார்ன் அடித்தது. சின்னவர் வந்துவிட்டார். கறுப்பு நிறப் பவுடர் அன்றைக்குப் போடுகிறார், இதையும் சேர்த்தே போட்டுவிடலாம் என்று ஓடி வந்திருக்கிறார். பெயிண்டர் தயங்கினார். அந்தத் தயக்கத்தைப் பெயிண்டரம்மா பார்த்தாள். இப்போது இல்லை என்று திருப்பி அனுப்பினால், சின்னவர் என்ன நினைப்பார்? அண்ணன் மறுபடி முறுக்கிக்கொண்டார் என்றுதானே நினைப்பார்?

"குடுத்து விடுங்க" என்றாள் குரலைத் தாழ்த்தி. "இப்பத்தான் ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசறீங்க. ஒரு கோட்டச் சாக்கா வெச்சுக் கெடுத்துக்காதீங்க. வண்டி வந்ததுக்கு அப்புறம் வெல்டிங் வெச்சுக்கலாம்."

"பவுடர் போட்ட எடத்துல நெருப்ப வெச்சாக் கருகிடும்டி."

"கருகினா கருகட்டும். நம்ம வண்டிதானே?"

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு சேசிஸின் ஒரு முனையைத் தூக்கினார். தம்பி மறுமுனையைத் தூக்கினார். ஏற்றிவிட்டார்கள். தம்பியிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பந்தயத்துக்கு இறக்குகிற வண்டியில் முதல் நாளே ஓட்டை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மணல் அடித்ததும் கோடும் போயிற்று, கறையும் போயிற்று. இரும்பு ஒரே சாம்பலாகிவிட்டால் முடி கனத்து வெடிப்பை எந்தக் கண்ணால் பார்ப்பது? சின்னவர் பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் முடியாது.

வண்டி கன்னங்கரேலென்று திரும்பி வந்தது. எதிரில் நின்றால் முகம் தெரிந்தது. பெயிண்டரே வாயைப் பிளந்துவிட்டு, அப்புறம் சுதாரித்துக்கொண்டு, "பரவால்லடா, அடுப்புல வெச்சாலும் தீயாம எடுத்துட்ட" என்றார். தம்பி போனதும் மனைவியின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். வழவழவென்று இருந்தது. ஒன்றுமே இடிக்கவில்லை.

"இப்ப நல்லாத்தான் இருக்கு" என்றாள் பெயிண்டரம்மா. அவள்தான் சொன்னாள்.

வெல்டர் ஊரிலிருந்து வந்தான். ஒரு தடவை ஞாபகப்படுத்தினாள். "இப்பப் போய்க் கருக்கினா, தோத்துடுவோம்னு பயந்து வேணும்னே கெடுத்துட்டேன்னு ஊரே சொல்லும். தம்பியும் சொல்லுவான். நடுவுல தொடக் கூடாதுன்னு பேச்சு. மழை முடியட்டும், மொத வேலையா அதத்தான் பாக்கறேன். அது வரைக்கும் மெதுவாப் போறேன்" என்றார். மெதுவாகத்தான் போனார். அதற்கப்புறம் அவளும் மறந்துபோனாள். கண்ணுக்குத் தெரியாதது எத்தனை நாளைக்கு மனசில் நிற்கும்?

மழை முடியவில்லை. அதற்குள் அவர் முடிந்துபோனார்.

அடக்கம் முடிந்த மறுநாள் மெக்கானிக் கடையில் எல்லாரும் நின்றார்கள். முறிந்த கழுத்தை மெக்கானிக் துணியில் துடைத்து வெளிச்சத்தில் காட்டினான். "இங்க பாருங்க. பாதி துரு, பாதி வெள்ளி மாதிரி இருக்கு. வெள்ளியா இருக்கறது அன்னிக்கு முறிஞ்சது. துரு இருக்கறது எப்பவோ வெடிச்சது. மேல பவுடர் மூடிக்கிட்டதால தெரியாமப் போச்சு."

"பெயிண்டரு கண்ணுல பட்டிருந்தா விட்டிருப்பாரா?" என்றார் பேக்கரிக்காரர்.

எல்லாரும் பெயிண்டரம்மாவைப் பார்த்தார்கள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அவர் கெட்டிக்காரர், அவர் கண் கண்ணாடி மாதிரி என்கிற பேர். "அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று சொல்லிவிட்டாள். எப்படி அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. பக்கத்தில் நின்ற சின்னவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான், உள்ளுக்குள் எழுந்திருக்கவே இல்லை.

ஓரகத்தி, அதாவது சின்னவரின் மனைவி, ஒரு காலை நேரம் வந்தாள். தலை வாராமல், செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பெயிண்டரம்மா டீ போட்டுக் கொடுத்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள்.

"சாப்பிடறதில்லக்கா. தூங்கறதில்ல. வண்டியெல்லாம் வாங்கிட்டு வந்து கெமிக்கல ஊத்திச் சுரண்டிக்கிட்டே இருக்காரு. கழுத்த மட்டும் சுரண்டினாப் பத்தாதா? முழுசாச் சுரண்டறாரு. ஒரு குழந்தையோட மூணு சக்கர சைக்கிளக் கூட விடல. அதுல என்னக்கா கழுத்து முறியப் போகுது?"

"சொல்லிப் பாத்தியா?"

"சொல்லாம இருப்பனா? அந்தக் கெமிக்கல் புகை தின்னர விட மோசம். பழையபடி மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. ஒடனே இத நிறுத்தலேன்னா நெஞ்சு தாங்காதுன்னு டாக்டர் மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டாரு. 'அண்ணன் மூச்சு போச்சு, என் மூச்சு இருந்து என்ன'ங்கறாரு." டம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்க வந்து ஏதாவது சொல்லுங்கக்கா. உங்க பேச்சுக்குக் கட்டுப்படுவாரு. அவரு மேல தப்பு இல்லன்னு அவரே நம்பற மாதிரி ஏதாவது. நெசமோ பொய்யோ, எனக்கு அவரு வேணும்."

பெயிண்டரம்மா டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். இங்கேயே இவளிடமே சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வேண்டாம், சொல்ல வேண்டியவரிடம்தான் சொல்ல வேண்டும். முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். செத்தவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். தம்பிக்காகத்தான் என்றால் அவர் கோபிக்கவும் மாட்டார்.

ஷெட்டுக்குள் கண்ணெல்லாம் எரிந்தது. சின்னவர் வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, பலகை மேல் கிடந்த சேசிஸில் பிரஷால் கெமிக்கல் தடவிக்கொண்டிருந்தார். தடவிய இடத்தில் பவுடர் கொப்புளித்துச் சுருங்கியது. தகட்டை வைத்து இழுத்தால் வாழை மட்டை மாதிரி நீளமாக உரிந்து வந்தது. சுவரோரம் உரித்தது, உரிக்காதது என்று சேசிஸ்கள் அடுக்கி நின்றன. ஓவன் கதவு திறந்து கிடந்தது. உள்ளே சூடு இல்லை.

"வாங்க அண்ணி. காலப் பாத்து வைங்க, கீழ சொட்டியிருக்கு."

"தம்பி, இத நிறுத்துங்க. டாக்டர் என்ன சொன்னாருன்னு தெரியும்."

"இன்னும் கொஞ்சம்தான் இருக்கு அண்ணி."

"உங்க மேல தப்பு இல்ல."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

"எல்லாரும் சொல்றது வேற, நான் சொல்றது வேற. அந்தத் தகட்டக் கீழ வைங்க. நான் சொல்றத முழுசாக் கேளுங்க."

வைத்தார். பெயிண்டரம்மா சொன்னாள். கழுவும்போது கூப்பிட்டது, விரலைப் பிடித்து வைத்தது, கோடு, டீக்கறை மாதிரித் துரு, வெல்டர் ஊருக்குப் போனது, வேன் ஹார்ன், குடுத்து விடுங்க என்று தான் சொன்னது, வந்தபின் தடவிப் பார்த்தது, மழை முடியட்டும் என்று அவர் சொன்னது. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொல்லும்போது ஓவன் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

சின்னவர் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. பெயிண்டரம்மாவுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. பிறகு அவர் சிரித்தார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் சிரிக்கிறார்.

"அவ வந்து உங்ககிட்ட அழுதாளா அண்ணி?"

"வந்தா. ஆனா இது…"

"ஏதாவது சொல்லித் தேத்துங்கன்னு கேட்டாளா?"

பெயிண்டரம்மாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. "கேட்டா."

"அதான்."

"அதான் இல்ல தம்பி! அவ சொல்லி நான் வரல. அதாவது, அவ சொன்னா, ஆனா நான் சொன்னது அத்தனையும் நெசம். சத்தியமா."

"சத்தியமெல்லாம் பண்ணாதீங்க. எனக்காக அந்தப் பாவம் வேற உங்களுக்கு எதுக்கு?" தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து இரண்டு வாய் குடித்தார். மூச்சு விசில் மாதிரி இழுத்தது. "வெடிப்பு தெரிஞ்ச வண்டியில அண்ணன் ஏறுவாரா? அடுத்தவன் வண்டியில ஒரு நட்டு லூசா இருந்தாலே ரோட்டுல நிறுத்தி எறக்கி விடற ஆளு. ஊர்ல யாரை வேணா கேளுங்க."

"பந்தயம் தம்பி. நடுவுல தொடக் கூடாதுன்னு பேசி வெச்சீங்களே, அதுக்காகத்தான்."

"ஒரு வெளையாட்டுக்காக உசுர வெப்பாங்களா? நாங்க என்ன சின்னப் பசங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். சின்னப் பசங்கதான், இரண்டு பேரும். சொல்லவில்லை.

"அன்னிக்கு மெக்கானிக் கடையில நீங்கதானே சொன்னீங்க, அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு? நான் பக்கத்துலதான் நின்னேன்."

"தப்பலையே தம்பி! அதத்தானே சொல்றேன். தப்பல. பாத்துட்டாரு. பாத்துட்டும் போனாரு."

"அப்ப அன்னிக்கே ஏன் சொல்லல?"

"குடுத்து விடுங்கன்னு சொன்னது நான். அது வெளிய வந்துடுமோன்னு பயம்."

"உங்களுக்கா பயம்?" என்றார். கேட்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "இது போதும் அண்ணி. நான் பண்ணின காரியத்துக்கு நீங்க என் மூஞ்சியிலயே முழிக்கக் கூடாது. அப்படியிருக்க, எவ்வளவு பெரிய பழிய எடுத்து உங்க தலையிலயும் அண்ணன் தலையிலயும் போட்டுக்கிட்டு வந்து நிக்கறீங்க! அண்ணன் இருந்திருந்தாலும் எனக்காக இப்படித்தான் பொய் சொல்லியிருப்பாரு."

பெயிண்டரம்மா அவர் கையைப் பிடித்தாள். உலுக்கினாள். "நம்புங்க தம்பி. என்னை அடிங்க, திட்டுங்க. இனிமே என் வீட்டு வாசல மிதிக்காதீங்க. ஆனா நம்புங்க." அவர் அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். குழந்தையைத் தேற்றுவது போலத் தட்டிக் கொடுத்தார். அன்றைக்கு, துடைத்த இரும்பு மெக்கானிக்கின் கையில் இருந்தபோதே சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அன்றைக்குச் சொன்னால் அது உண்மை. இன்றைக்குச் சொன்னால் இரக்கம். அது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. ஏதோ ஒரு பெரிய குளிர் வந்தது.

சின்னவர் துணியை மறுபடி வாயில் கட்டிக்கொண்டார். பலகை மேல் இருந்த சேசிஸின் கழுத்தைத் துடைத்து, குனிந்து பார்த்தார். "வந்தது வந்தீங்க, அந்த லைட்டக் கொஞ்சம் புடிங்க அண்ணி. நிழல் விழுது."

லைட்டை எடுத்துப் பிடித்தாள். வேறு என்ன செய்வது? அவர் கழுத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல" என்றார். அடுத்ததை இழுத்துப் போட்டார். அதிலும் ஒன்றும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. எல்லாம் நல்ல இரும்பு. ஒவ்வொரு தடவையும் ஒன்றும் இல்லை என்று சொல்லும்போது அவர் குரலில் ஒரு ஏமாற்றம் இருந்தது போலத் தோன்றியது. கை கடுத்துப்போய் லைட்டை மாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே ஓரகத்தி நின்றுகொண்டிருந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. ஓடி வந்து பெயிண்டரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்க்கா. என் புருஷனுக்காக உங்க புருஷன் மேலயே பழியப் போட உங்களுக்கு எப்படிக்கா மனசு வந்துச்சு? யாருக்கு வரும்?"

"அது பொய் இல்ல" என்றாள் பெயிண்டரம்மா.

"என்கிட்டயுமாக்கா?" ஓரகத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். "நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. இது இந்த நாலு சுவரத் தாண்டாது. பெரியவரு பேருக்கு ஒரு சின்னக் குறை கூட வராம நான் பாத்துக்கறேன்."

பெயிண்டரம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே தகடு இரும்பில் உரசுகிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது. நடுவில் இருமல் வந்தது, நின்றது, மறுபடி வந்தது.